புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்?

(தொழில் நடத்துவோர், மனிதவள அலுவலர்கள், தொழிற்சங்கத்தினர் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தொழிற்சாலைக்குள் போனால் நான் முதலில் தேடுவது புகார்ப் பெட்டியைத்தான். அது பெரும்பாலும் ஹெச்.ஆர். அறை வாசலில் தொங்கும். நேர் எதிரே சூபர்வைசரின் மேசை, தலைக்கு மேலே கேமரா. சாவி யாரிடம் என்று கேட்டால் ஹெச்.ஆர். மேலாளர் தன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டுவார். கூடவே, "சார், எங்க கம்பெனியில புகாரே வர்றதில்லை" என்று பெருமையோடு சொல்வார். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லையா? அந்தப் பெருமையைக் கேட்டதும் எனக்குக் கவலைதான் வரும். குறை இருக்கிறது, ஆனால் சொல்ல வழியில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அப்படிச் சொல்லாமல் விட்ட குறை வேறு வழியாக வெளியே வரும். திங்கட்கிழமை முப்பது பேர் லீவு போடுவார்கள். நல்ல டெய்லர் பக்கத்து மில்லுக்குப் போய்விடுவார். ஒருநாள் கேட்டுக்கு வெளியே கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

சச்சரவு மேலாண்மை அமைப்பு என்று இன்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பேர் பெரிதாக இருந்தாலும் விஷயம் சின்னதுதான். ஒரு தகராறு வந்தால் முதலில் யாரிடம் போவது, அவர் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், பதில் பிடிக்காவிட்டால் அடுத்து எங்கே போவது, போனதற்காக நமக்கு ஒரு கெடுதலும் வராது என்பதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்குச் சண்டை வருவதற்கு முன்பே விடை எழுதி வைப்பதுதான் அமைப்பு. எழுதி வைக்காத கம்பெனியிலும் ஓர் அமைப்பு இருக்கத்தான் செய்கிறது. கத்துவது, டிரான்ஸ்ஃபர் போடுவது, பில்லை நிறுத்தி வைப்பது, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது என்று அது தானாகவே உருவாகியிருக்கும்.

இந்தத் துறையில் படிக்க வேண்டிய முதல் புத்தகம் 1988இல் அமெரிக்காவில் வந்தது. வில்லியம் யூரி, ஜீன் பிரெட், ஸ்டீபன் கோல்ட்பெர்க் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதியது. எந்தத் தகராறையும் மூன்று வழிகளில் ஒன்றால்தான் முடிக்கிறோம் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு பக்கத்துத் தேவையையும் கேட்டு முடிப்பது ஒரு வழி. சட்டப்படி யாருக்கு உரிமை என்று தீர்ப்பது இன்னொரு வழி. யாருக்குப் பலம் அதிகமோ அவர் சொன்னபடி முடிவது மூன்றாவது. வேலைநிறுத்தம், கதவடைப்பு, ஆர்டரை ரத்து செய்வது எல்லாம் பலத்தின் கணக்கில் சேரும். அதில்தான் செலவு மிக அதிகம். நல்ல அமைப்பில் பெரும்பாலான தகராறுகள் முதல் வழியிலேயே முடியும். கொஞ்சம் இரண்டாவதற்குப் போகும். மூன்றாவதற்கு அபூர்வமாகத்தான் போகும்.

இந்த எண்ணம் நூலகத்தில் பிறக்கவில்லை, நிலக்கரிச் சுரங்கத்தில் பிறந்தது. கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே ஒரு சுரங்கம். புத்தகத்தில் அதற்குக் 'கேனி கிரீக்' என்று புனைபெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தை மீறி அங்கே அடிக்கடி திடீர் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை நீதிபதி ஓர் இரவு சிறையில் வைத்தும் பார்த்தார், நிற்கவில்லை. கோல்ட்பெர்க்கும் இளைஞர் யூரியும் போய்ப் பல வாரம் நிர்வாகத்தோடும் சங்கத் தலைவர்களோடும் பேசினார்கள். குறைதீர்க்கும் முறையைத் திருத்தி ஓர் அருமையான ஒப்பந்தம் தயாரித்தார்கள். இரண்டு தலைமையும் கையெழுத்துப் போட்டது. தொழிலாளர்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஒட்டுமொத்தமாகத் தோற்றது!

ஒப்பந்தத்தில் குறை இருந்ததால் அது தோற்கவில்லை. நிர்வாகம் கையெழுத்துப் போட்ட தாளில் ஏதோ சூது இருக்கும் என்று தொழிலாளர்கள் நினைத்தார்கள். அதன் பிறகு யூரி செய்த வேலைதான் முக்கியமானது. அந்தச் சுரங்கத்திலேயே தங்கி, தொழிலாளர்களோடு பூமிக்கு அடியில் இறங்கி, அவர்கள் பேசுவதைக் கேட்டார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. மெல்ல மெல்லப் பேசினார்கள். ஒவ்வொரு குறையையும் அங்கங்கேயே போர்மேனோடு உட்கார்ந்து பேச வைத்தார். திடீர் வேலைநிறுத்தங்கள் ஏறக்குறைய நின்றுபோயின. பயன்படுத்தப் போகிறவரைக் கேட்காமல் செய்த அமைப்பு, எவ்வளவு புத்திசாலிகள் செய்ததாக இருந்தாலும், கையெழுத்தோடு முடிந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

நம் நாட்டுக்கு வருவோம். 1918ஆம் ஆண்டை இந்தியத் தொழிலுறவின் பிறந்த ஆண்டு என்றே சொல்லலாம். அந்த வருடம் இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகக் கதை நடந்தது.

அகமதாபாத்தில் பிளேக் பரவியபோது ஆட்கள் ஓடிவிடாமலிருக்க மில் முதலாளிகள் கூடுதல் போனஸ் கொடுத்தார்கள். பிளேக் தணிந்ததும் நிறுத்தினார்கள். விலைவாசி ஏறியிருக்கிறது, ஐம்பது சதவீதம் உயர்த்துங்கள் என்றார்கள் தொழிலாளர்கள். இருபதுதான் என்றார்கள் முதலாளிகள். கணக்குப் பார்த்து 35 சதவீதம் நியாயம் என்றார் காந்தி. முதலாளிகள் தரப்பின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர்கள் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா. கதவடைப்பு, வேலைநிறுத்தம், மார்ச் மாதத்தில் மூன்று நாள் உண்ணாவிரதம் என்று போய், கடைசியில் ஆனந்தசங்கர் துருவ் என்ற பேராசிரியரை நடுவராக ஏற்றார்கள். அவரும் 35 சதவீதமே தீர்ப்பளித்தார்.

உண்ணாவிரதம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் பேசுவதில்லை. 1920இல் மஜூர் மகாஜன் என்ற நெசவுத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதோடு நிரந்தரமான நடுவர் குழு ஒன்றை வைத்தார்கள். தொழிலாளர் தரப்பில் காந்தி, முதலாளிகள் தரப்பில் சேட் மங்கள்தாஸ். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் நபர். சண்டை வந்தபின் நடுவரைத் தேடி ஓடாமல், நடுவரை முன்பே உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு தரப்பும் தனக்குரியவரைத் தானே தேர்ந்தெடுத்தது. இந்த இரண்டையும் மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும். அகமதாபாத்தில் அதன் பிறகு வேலைநிறுத்தமே இல்லையென்று சொன்னால் பொய். 1923இல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. ஆனால் பம்பாயோடு ஒப்பிட்டால் அந்த ஊர் அமைதியாகத்தான் இருந்தது.

அதே 1918 ஏப்ரலில் சென்னைப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் கூப்பிட்டு, பி.பி. வாடியா வந்து பேசினார். திரு.வி.க. கூட நின்றார். பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்களில் தொழிலாளர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது. ஒரு சாதாரண சூபர்வைசரும் தொழிலாளியும் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய விஷயம் அது. உட்கார இடமில்லை. 1920இல் கதவடைப்பு வந்தது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகத் தடையுத்தரவும் வாங்கியது. சங்கம் நடத்தியதே குற்றம் என்கிற நிலை. இந்த வழக்குதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது. 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். அது சாதிச் சண்டையாகப் பிளந்து புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த மில் நிர்வாகம் தொழிலாளர் நலக் குழு ஒன்றை அமைத்தது.

சட்டத்துக்கு வருகிறேன். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில், தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகப் பிரதிநிதிகளைவிடக் குறையாமல் உட்காரும் தொழிற்சாலைக் குழுவை அமைக்கும்படி அரசு உத்தரவிடலாம் என்றது. எண்ணம் நல்லது. குழுவுக்கு என்ன அதிகாரம் கொடுத்தார்கள்? 1959இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு பட்டியல் போட்டது. குடிநீர், கேன்டீன், வெளிச்சம், பண்டிகை விடுமுறை பற்றியெல்லாம் குழு பேசலாம். கூலி, போனஸ், வேலைப்பளு பற்றிப் பேசக் கூடாது. மறுவருடம் உச்ச நீதிமன்றமும் ஒரு சணல் ஆலை வழக்கில், வேலை நிபந்தனைகளை மாற்ற இந்தக் குழுவுக்கு அதிகாரமில்லை, அது சங்கத்துக்கு மாற்றாகாது என்றது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு. சங்கத்தை ஓரம் தள்ள நிர்வாகம் குழுவைப் பயன்படுத்தக் கூடாதல்லவா? ஆனால் விளைவு என்னவென்றால், சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்லத்தான் குழு. முக்கியமானதைப் பேச முடியாத இடத்துக்கு யார் வருவார்கள்? இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு முன் மினிட்ஸ் புத்தகத்தில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கும் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் பல விஷயங்கள் தொழிலாளருக்கு ஆகாதவை, அந்த விவாதம் தனி. ஒரு வரியை மட்டும் பாராட்ட வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும், பெண்கள் எத்தனை விகிதமோ அந்த அளவுக்குக் குழுவில் இடம் வேண்டும், முப்பது நாளில் முடிக்க வேண்டும் என்கிறது. அதோடு, குழுவிலுள்ள தொழிலாளர் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சம்மதித்தால்தான் முடிவு செல்லும் என்றும் சொல்கிறது. நிர்வாகத்தின் ஆட்கள் நால்வரும் வழிக்கு வந்த தொழிலாளி ஒருவரும் சேர்ந்து கதையை முடித்துவிட முடியாது. இந்த ஒரு நிபந்தனையில் வடிவமைப்பாளரின் மூளை வேலை செய்திருக்கிறது.

ஆனால் யாரைத் தொழிலாளர் பிரதிநிதி என்று ஏற்பது என்பதிலேயே எல்லாம் சிக்கிக்கொள்ளும். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்து 37 நாள் உட்கார்ந்தது நமக்கு நினைவிருக்கும். கூலி உயர்வு கேட்டார்கள், வேலை நேரம் பேசினார்கள். நடு முடிச்சு, அவர்கள் ஆரம்பித்த சங்கத்தை நிர்வாகம் ஏற்பதா இல்லையா என்பதுதான். இடையில் தொழிலாளர் குழு ஒன்றோடு நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது, அமைச்சர்களும் அறிவித்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கென்டக்கியில் நடந்ததேதான் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் நடந்தது. சங்கம் கடைசியில் 2025 ஜனவரியில் பதிவானது.

இனி நான் அதிகம் நேரம் எடுத்துக்கொள்ள விரும்பும் உதாரணம். தமிழ்நாட்டிலேயே உலகம் திரும்பிப் பார்த்த ஓர் அமைப்பு உருவானது, நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூபர்வைசர். அந்த ஆலையிலும் மற்ற இடங்களைப் போலப் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான சட்டப்படியான உள்ளகக் குழு, தணிக்கைச் சான்றிதழ், சுவரில் ஒட்டிய அறிவிப்பு எதற்கும் பஞ்சமிருந்திருக்காது. அந்தப் பெண்ணுக்கு அவை எதுவும் உதவவில்லை. பெண்களே தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசிய அளவிலான ஓர் அமைப்போடும் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தொழிலாளர் உரிமை அமைப்போடும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். ஆகிய வெளிநாட்டு பிராண்டுகளும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டன. இதற்குத்தான் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர்.

அதன் கட்டமைப்பைப் பாருங்கள். முதல் படி, தையல் தளத்திலேயே வேலை செய்யும் பெண்களில் சிலரைச் சங்கம் தேர்ந்தெடுத்துக் கண்காணிப்பாளராகப் பயிற்சி கொடுத்தது. பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் போதும். ஹெச்.ஆர். அறைக்கு நடக்க வேண்டியதில்லை. "என்னக்கா, இவன் இப்படிப் பேசறான்" என்று டீ நேரத்தில் சொல்லிவிடலாம். அவர்கள் நிர்வாகத்தோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். தீராதது மேலே போகும். உள்ளகக் குழுவில் நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத வெளியாட்கள் இருப்பார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம். இதெல்லாம் வேறு இடங்களிலும் காகிதத்தில் உண்டு. இங்கே மேலே ஒரு பூட்டுப் போட்டார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால், பிராண்டுகள் தங்கள் ஆர்டரில் கைவைத்தே தீர வேண்டும். அது பிராண்டின் நல்ல மனதுக்கு விட்ட விஷயமல்ல, அவர்களையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தக் கடமை.

முதலாண்டில் வந்த புகார்கள் 185, தீர்ந்தவை 182 என்று அந்த ஒப்பந்தத்தின் முதலாண்டு அறிக்கை சொல்கிறது. முக்கால்வாசிக்கும் மேல் பாலியல் தொல்லை சம்பந்தப்படாத சாதாரணக் குறைகள். வசவு, பஸ், விடுப்பு, டார்கெட் நெருக்கடி. நான் பார்த்து வியப்பது இந்த எண்ணிக்கையைத்தான். புகாரே வராத ஆலையைவிட 185 வந்த ஆலை பத்திரமானது. வசவைப் பற்றிப் பயமில்லாமல் சொல்லப் பழகிய பெண்தான், அதைவிட மோசமான ஒன்று நடந்தால் அதையும் சொல்வாள்.

பலத்தை ஒழித்துவிட்டுத் தேவையை மட்டும் பேசும் அமைப்பு உலகில் இல்லை. ஆலையைவிடப் பெரிய பிராண்டின் பலத்தைக் கொண்டுவந்து, இருக்கிறவர்களிலேயே பலமில்லாத பெண்ணின் பின்னால் நிறுத்தியதுதான் திண்டுக்கல்லில் செய்த காரியம். அதனால்தான் கீழே பேச்சுவார்த்தை நடந்தது. ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பிராண்டு ஆர்டரை எடுத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டால் இந்த அமைப்பின் முதுகெலும்பு போய்விடும். 

வியாபாரத் தகராறுக்கு வந்தால் பயம் ஆளை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆலைக்குள்ளே தொழிலாளி மேலாளருக்குப் பயப்படுகிறார். வெளியே ஜாப் ஒர்க் செய்பவர் ஆர்டர் கொடுப்பவருக்குப் பயப்படுகிறார். கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறை வைத்திருப்பவருக்குப் பேமெண்ட் எட்டு மாதமாக நிற்கும். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை சொல்ல முடியாது. தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி, அதுவும் மாதாமாதம் கூடும். அந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்கக் குழுவிடம் போகலாம். தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமென்றால் வாங்குபவர் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இதைவிடக் கூர்மையான சட்டம் வேண்டுமா? ஆனாலும் பட்டறைக்காரர் போக மாட்டார். "கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் யார் கொடுப்பா?" என்பார். வாளைக் கொடுத்தார்கள், எடுக்கும் தைரியத்தைக் கொடுக்கவில்லை.

2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரிச் சட்டத் திருத்தம் இதை வேறு விதமாக அணுகியது. 43பி(ஹெச்) என்று ஆடிட்டர்கள் வாயில் அந்த வருடம் முழுக்க அடிபட்டதே, அதுதான். குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்தில் பணம் கொடுக்காவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. யாரும் புகார் கொடுக்கத் தேவையில்லை. வாங்குபவரின் சொந்த ஆடிட்டரே வந்து "பணத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்பார். புகாரே இல்லாமல் வேலை செய்யும் ஏற்பாடு என்பதால் இதை நான் மெச்சுகிறேன். ஓட்டையும் இருந்தது. சிறு நிறுவனத்தை விட்டுவிட்டு நடுத்தர நிறுவனத்திடம் ஆர்டரைக் கொடுப்பார்கள், உத்யம் என்ற சிறுதொழில் பதிவை ரத்து செய்யச் சொல்வார்கள் என்று வியாபாரிகள் அப்போதே புலம்பினார்கள். பலமுள்ளவர் எங்கே நழுவுவார் என்பதை முதலிலேயே யோசிக்காத அமைப்புக்கு இந்தக் கதி வரும்.

நீதிமன்றங்களும் முயல்கின்றன. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி, அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்குகளில் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும். அது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வராவிட்டால் என்ன? ஒன்றும் இல்லை. 'தொடங்கவில்லை' என்று ஓர் அறிக்கை வாங்கிக்கொண்டு வழக்குப் போடலாம். வராமல் இருப்பதால் நஷ்டம் இல்லாத இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

கட்டுமானத் தொழில் இதில் ரொம்ப முன்னால் போயிருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் ஐசனோவர் சுரங்கப்பாதையின் இரண்டாவது வழியைத் தோண்டியபோது, 1975இல், தகராறு வாரியம் ஒன்றை வேலை ஆரம்பிக்கும்போதே அமைத்தார்கள். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட பொறியாளர்கள் மூன்று பேர். தகராறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது சைட்டுக்கு வந்து பார்ப்பார்கள். பாறை எங்கே கெட்டியாக இருந்தது, வேலை ஏன் நின்றது என்பது வழக்கு வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். இன்று பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் ஒப்பந்தப் படிவங்களில் இது சாதாரண விஷயம். அகமதாபாத்தில் 1920இல் செய்ததும் இதே எண்ணம்தான்: நடுவர் முன்பே உட்கார்ந்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சேர்ந்து உட்கார வைத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது பாதியைத்தான் நம் ஒப்பந்தங்கள் மறக்கின்றன. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், தகராறு வந்தால் எங்கள் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் நடுவரே தீர்ப்பார் என்று இருக்கும். வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவர் தானே நீதிபதியை நியமிப்பாராம்! உச்ச நீதிமன்றம் 2019இல் இது செல்லாது என்றது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு, அரசு நிறுவனங்கள் இப்படி ஒருதலைப்பட்சமாக நடுவரை நியமிப்பது சமத்துவத்துக்கே எதிரானது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பழைய படிவத்தையே அச்சடித்துக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. ஆடிட்டரோ வக்கீலோ அதைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த அவையில் முதலாளிகள் அதிகம் இருப்பதால் உங்களிடமே கேட்கிறேன். நாளைக்குப் போய் மூன்று காரியம் செய்யுங்கள். புகார்க் குழுவின் தொழிலாளர் உறுப்பினர்களை நீங்கள் நியமிக்காதீர்கள், அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். சப்ளையரோடு தகராறு வந்தால், தகராறு இல்லாத பகுதித் தொகையை நிறுத்தாமல் கொடுத்துவிட்டு மீதியைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் ஒப்பந்தப் படிவத்தில் நடுவரை நீங்களே நியமிக்கும் அந்த வரியை அடித்துவிட்டு, இருவரும் சேர்ந்து நியமிப்போம் என்று எழுதுங்கள். இந்த மூன்றுக்கும் புதிதாக ஒரு பைசாவும் செலவாகாது.